மூன்றாவது பிரதி

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் அலுவலக மெஷினில் வருவது வெறும் கழுநீர்.

நான் சேமிப்பகம் வடிவமைக்கிறவன். அந்தப் பெரிய மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் எல்லாம் நெட்வொர்க் வழியாக வந்து சேரும் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்கள் பெருகப் பெருக அலமாரியும் வளரும். அவற்றைப் பார்த்துத்தான் டாக்டர்கள் கத்தி வைப்பார்கள். என் தங்கையின் படங்களும் அதில் உண்டு. இங்கே எழுதுவது அந்த நொடியே எதிர்க் கட்டடத்திலும் பதியும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அதனால்தான் ஒரு நாள் பிந்தி வரும் மூன்றாவது பிரதி ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

“அதான் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கே. சரியான பயந்தாங்கொள்ளிங்க நீங்க,” என்றார் நிர்வாகி. கூட்டமே சிரித்தது. எனக்கு அது இன்னும் எரிகிறது. அப்புறம் துறைத் தலைமையைத் தங்கையின் கணவருக்குக் கொடுத்தார்கள். அவரை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதே நான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. பாய்ந்துவிட்டு, “மனசுல வச்சுக்காதீங்க மச்சான்” என்றது.

அன்று காலை மாப்பிள்ளை பழைய சோதனைக் கோப்புகளை அழிக்க உட்கார்ந்தார். அழிக்கிற கட்டளையை அந்தக் கோப்புறைக்குக் கொடுக்காமல், எல்லாப் படங்களையும் உள்ளடக்கிய மேல் கோப்புறைக்குக் கொடுத்துவிட்டார்.

“பாருங்க மச்சான், இடம் எப்படிக் காலியாகுதுன்னு.”

பார்த்தேன். போய்க்கொண்டிருந்தவை நோயாளிகளின் படங்கள். எதிர்க் கட்டடத்துக்குப் போகும் கேபிள் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. பிடுங்கியிருந்தால் அங்கே பெரும்பகுதி தப்பியிருக்கும்.

“நல்லாத்தான் ஓடுது, விடுங்க மாப்ளே,” என்றேன். அந்தக் கழுநீரையும் குடித்து முடித்தேன்.

மேல்மாடியில் ஒரு லாரி டிரைவரின் மண்டையைத் திறந்து வைத்திருந்தார்களாம். டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த திரை வெறுமையானது. டிரைவர் பிழைக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் அது நிர்வாகியின் சிக்கனம் செய்த கொலை. நான் எதையும் தொடக்கூட இல்லை.

தங்கைதான் நேற்று கேட்டாள்: “நீ பக்கத்துலதானேண்ணா இருந்தே?” அவளுக்கும் ஆபரேஷன் நெருங்குகிறது. நீ எதுக்கும் பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.

முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. அந்த நேரத்தில் கை எழவில்லை, அவ்வளவுதான். தங்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். அவளுடைய படங்கள் என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. மாப்பிள்ளை தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த அன்றைக்கே, அவளுடையதை மட்டும் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டேன்.