வில்மருக்கு நான் போட்ட ஐம்பது

கையில் டேப் சுற்றுவதில் எனக்கு இணையான ஆள் எங்கள் அணியில் கிடையாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பதினான்கு வருடமாகப் பேஸ்பால் ஆட்டத்தில் கேட்சராக, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மணிக்குத் தொண்ணூறு மைல் வேகத்தில் வரும் பந்துகளை வாங்கியவன் நான். என் விரல்களில் நேராக இருப்பவை மூன்று. அடிபட்ட கையை எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்று என் கையே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், மட்டைக் கைப்பிடியின் நுனிக் குமிழ் வந்து உரசும் இடத்தில் கொப்புளம் வரும். அதற்கு ஸ்பாஞ்சில் ஒரு வளையம் வெட்ட வேண்டும். நடுவிலிருந்து விழும் காசளவு வட்டத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, வளையத்தைக் கொப்புளத்தைச் சுற்றி வைத்து டேப் போட்டால், குமிழ் வளையத்தின் மேல்தான் உட்காரும், புண்ணைத் தொடாது. ஜூன் மூன்றாம் தேதி வில்மர் பௌலினோவுக்கு அப்படித்தான் கட்டிவிட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து நீங்கள் விசாரித்துக் கேட்பதெல்லாம் அந்தக் கட்டில்தான் தொடங்குகிறது. நானும் அங்கிருந்தே சொல்கிறேன்.

வில்மருக்கு இருபத்தொரு வயது. டொமினிகன் குடியரசிலிருந்து வந்த பையன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவன் மட்டை தூங்கிக்கொண்டிருந்தது. காற்றைத்தான் அடிக்கிறான் என்று பையன்கள் அவனுக்கு 'விசிறி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய லீகுக்குக் கீழே மைனர் லீகில் ஆடும் எங்கள் ஹெரான்ஸ் அணியிலேயே அவனுக்கு இடம் இருக்குமா என்று சந்தேகம். நான் டேப் சுற்றிவிட்ட அன்று இரண்டு அடி அடித்தான். ஒன்று மதிலைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கத்து டயர் கடையின் பலகையில் விழுந்தது.

மறுநாள் வந்து கையை நீட்டினான்.

"பெருசு, கட்டு."

"கொப்புளந்தான் ஆறிடுச்சேடா."

"ஆறினா என்ன? நேத்து நீ கட்டின, நான் அடிச்சேன். இன்னைக்கும் நீயே கட்டு."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். ஒருவனுக்குச் சூடு பிடித்து, ஆட்டம் தவறாமல் ஓர் அடியாவது விழ ஆரம்பித்துவிட்டால் எதையும் மாற்றக் கூடாது. அதே காலுறையைத் துவைக்காமல் போடுவான், பேருந்தில் அதே இருக்கையில் உட்காருவான், கடுகு விழுது இல்லாமல் அதே இரண்டு ஹாட் டாக் தின்பான். அந்த இருக்கையில் தெரியாமல் உட்கார்ந்த ஒருவனை ஆறு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தியதை நானே பார்த்திருக்கிறேன். வில்மரின் சூட்டில் என் கட்டும் சேர்ந்துவிட்டது. அணியின் உடற்சிகிச்சைக்காரி டெனிஸ் சிரித்துக்கொண்டே ஒதுங்கிக்கொண்டாள். "நான் அந்தக் கையத் தொடவே மாட்டேன் கர்ட்டிஸ். தொட்டு நின்னு போச்சுன்னா ஊரே என்னை அடிக்க வரும்" என்றாள்.

ஆக, அந்த இடது கையைத் தினமும் பார்த்தவன் நான் ஒருவன்தான். டெனிஸ் பார்க்கவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். அது உங்கள் விஷயம்.

பொறாமைப்பட்டாயா என்று கேட்டீர்கள். பட்டேன். அவன் மட்டையில் பந்து படும் சத்தம் வேறு மாதிரி இருக்கும், காய்ந்த கட்டையைக் கோடாலி பிளக்கிற மாதிரி. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. பெரிய லீகில் நான் இருந்தது மொத்தம் நாலு நாள். என் இருபத்தாறாவது வயதில், அங்கிருந்த கேட்சர் மனைவியின் பிரசவத்துக்குப் போனதால் என்னைக் கூப்பிட்டார்கள். நாலு நாளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசி நாள் ஒன்பதாவது சுற்றில் மேலாளர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டேன். அவர் தண்ணீர்க் குவளையைத் தேடியிருக்கிறார்.

என் மகள் ஹேலிக்கு ஒன்பது வயது. வில்மரின் சூட்டில் ஒன்பதாவது ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பந்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அப்பா, இதுல வில்மர்கிட்ட கையெழுத்து வாங்கித் தாயேன்."

"ஏன், நான் போட்டுத் தரேனே."

"உன்னோடதுதான் என் ரிப்போர்ட் கார்டுலயே இருக்கேப்பா."

குழந்தை அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நான் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன்.

பதின்மூன்றாவது ஆட்டத்தன்று டேப் போடும்போது உள்ளங்கையின் அடியில் என் கட்டைவிரல் அழுந்தியது. அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அந்த இழுப்பு எனக்குத் தெரியும். இருபத்து மூன்றாவது வயதில் எனக்கும் ஒரு சூடு வந்தது. பதினோரு ஆட்டம். அப்போது அதே இடத்தில் வலி எடுத்தது. அங்கே கொக்கி போல ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. குமிழ் இடித்து இடித்து அதில் விரிசல் விடும். அந்தக் காலத்துச் சிகிச்சைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படம் எடுத்தார், அறுவை செய்தார்கள், ஆறு வாரம் ஓய்வு. திரும்பி வந்தபோது கை சரியாக இருந்தது, சூடுதான் இல்லை. "நல்ல வேளை வந்தே. விட்டிருந்தா சுண்டுவிரல் தசைநார் அந்த முனையில ஒரசி ஒரசி அறுந்திருக்கும். அப்புறம் மட்டையப் பிடிக்கிற கதையே இல்ல" என்றார் டாக்டர். ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இது என்ன பெருசு, உள்ள குத்துது?" என்றான் வில்மர்.

"காய்ப்புடா. எல்லாருக்கும் வர்றதுதான்."

"டெனிஸ்கிட்ட ஒரு தடவ காட்டிரட்டுமா?"

"தாராளமாக் காட்டு. ஆனா நல்லா ஓடிக்கிட்டிருக்கிற வண்டிய எவனாவது நிறுத்தி டயரத் தட்டிப் பாப்பானா?"

அவன் யோசித்தான். பிறகு கையை மறுபடியும் நீட்டினான். நான் கட்டாயப்படுத்தவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கென்று வைத்திருந்த வலி மாத்திரைகளில் இரண்டைக் கொடுத்தேன். அன்றைக்கும் மூன்று அடி அடித்தான்.

மறுநாள் மதியம் பதினான்காவது ஆட்டம் முடிந்ததும் தலைமையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இந்தச் சூட்டை எவ்வளவு தூரம் நம்புவது, அவனை நேராகப் பெரிய லீகுக்கு ஏற்றலாமா என்று முடிவு செய்ய. மெர்ல் முப்பது வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பையன்களைப் பார்க்கிற கிழவர். பிரயர், மடிக்கணினியும் கையுமாக அலைகிற இளைஞன். ஆட்டக்காரனுக்கு மதிப்பெண் போடும் எங்கள் கணக்கு இருபதிலிருந்து எண்பது வரை. ஐம்பது என்றால் பெரிய லீகில் பிழைத்துக்கொள்வான். அறுபது என்றால் அவன் பெயர் போட்ட சட்டை கடையில் விற்கும். எழுபதை நான் என் ஆயுளில் இரண்டு பேரிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"அறுவது. கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன், அந்தச் சத்தம் ஒண்ணு போதும்" என்றார் மெர்ல்.

"சத்தத்துக்கெல்லாம் நம்பர் கெடையாது சார்" என்றான் பிரயர். "பதினாலு ஆட்டம் ஒரு கணக்கே இல்ல. பாதி அடி ஆளில்லாத இடமாப் பாத்து விழுந்திருக்கு. குருட்டு அதிர்ஷ்டம். நாப்பத்தஞ்சு."

"நீ அந்தப் பெட்டிய மூடிட்டு ஒரு நாள் வெயில்ல வந்து உக்காருப்பா."

"நீங்க ஒரு நாள் பெட்டியத் திறந்து பாருங்க."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் மெர்ல் என் பக்கம் திரும்பினார். "கர்ட்டிஸ், நீ தினமும் பக்கத்துல இருந்து பாக்கிறவன். உனக்கும் ஒரு தடவ இப்பிடி வந்துச்சே, எத்தன ஆட்டம், பத்தா?"

"பதினொண்ணு" என்றேன்.

"ஆங், பதினொண்ணு. நீ சொல்லு. உன் பேச்ச நாங்க ரெண்டு பேருமே ஏத்துக்கிறோம்."

பதினான்கு வருடத்தில் என் கருத்தை யாரும் கேட்டதில்லை. நான் யோசித்துத்தான் சொன்னேன். அறுபது என்றால் அன்றைக்கே விமானம் ஏற்றிவிடுவார்கள். பெரிய அணியில் சேரும் எவனையும் அவர்களுடைய டாக்டர் முதலில் உச்சி முதல் உள்ளங்கால் வரை பரிசோதிப்பார். விரிசலைக் கண்டுபிடித்துவிடுவார். ஆறு வாரத்தில் கை தேறிவிடும், செப்டம்பரில் அவன் பெரிய மைதானத்தில் நிற்பான். நாற்பத்தைந்து என்றால் அவனைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். அவனும் மனம் விட்டு, சூடு ஆறி, டெனிஸிடம் போய்க் கையைக் காட்டுவான்.

"ஐம்பது. நல்ல பையன்தான். அவசரப்படாதீங்க, இன்னும் ரெண்டு வாரம் ஆடட்டும், பாக்கலாம்" என்றேன்.

இருவருக்கும் திருப்தி. மெர்ல் என் தோளைத் தட்டி, "நிதானமான ஆளுய்யா நீ, கோச்சா வரணும்" என்றார்.

பதினைந்தாவது ஆட்டத்திலிருந்து நான் கட்டில் ஒரு சிறிய மாற்றம் செய்தேன். வழக்கம்போல ஸ்பாஞ்சில் வளையம் வெட்டினேன். வளையத்தைக் குப்பையில் போட்டேன். நடுவிலிருந்து விழுந்த காசளவு வட்டத்தை எடுத்து, சரியாக அந்த எலும்பின் மேல் வைத்துக் கட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. குமிழ் இப்போது நேராக அந்த வட்டத்தின் மேல் உட்காரும். மொத்தம் பதின்மூன்று கட்டு அப்படிக் கட்டினேன். ஒன்றுகூடக் கழன்றதில்லை.

"இன்னைக்குக் கொஞ்சம் அழுத்துது பெருசு" என்றான் ஒரு நாள்.

"அழுத்தினாத்தான் பிடி நிக்கும்."

"சரி. உனக்குத் தெரியாததா?"

இருபத்தேழாவது ஆட்டத்தின் எட்டாவது சுற்றில் அவன் ஒரு பந்தை வலப்பக்கம் அடித்தான். மட்டை கையை விட்டுப் பறந்தது. ஆனாலும் ஓடி முதல் முனையைத் தொட்டுவிட்டான், அன்றைக்கும் ஓர் அடி கணக்கில் ஏறியது. தொடர் அறுபடவில்லை, கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவன் அங்கேயே நின்று தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்கு விரல் மடங்கியது, சுண்டுவிரல் மடங்கவில்லை. வலது கையால் அதை மடித்து வைத்தான். அது மறுபடியும் நிமிர்ந்துகொண்டது. அவன் பெஞ்சைப் பார்த்தான், என்னைத் தேடினான் என்று நினைக்கிறேன்.

எலும்பு இரண்டு துண்டு, நார் முழுசாக அறுந்திருக்கிறது, இனி மட்டை பிடிக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னதை நீங்கள் படித்திருப்பீர்கள். அறுவை முடிந்து மூன்றாம் நாள் கட்டு மாற்ற வந்த நர்ஸை அவன் விடவில்லையாம். பெருசு வந்து கட்டினால்தான் சரியாகும் என்றானாம். என்னைக் கூப்பிட்டார்கள், நான் போனேன். நன்றாகவே கட்டினேன். "செப்டம்பர்ல பாக்கலாம் பெருசு" என்றான். அவன் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். என் கை இரண்டையும் பிடித்து முத்தமிட்டாள். பாஷை புரியவில்லை, நன்றி சொல்கிறாள் என்று தெரிந்தது.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன். டெனிஸுக்காக வந்தேன் என்று எழுதிக்கொள்ளலாம், படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையில்லை. போன வாரம் பிரயர் எழுதிய கடைசி அறிக்கை என் கண்ணில் பட்டது. 'இருபத்தேழு ஆட்டமும் அதிர்ஷ்டம். கை கெடாவிட்டாலும் தேறியிருக்க மாட்டான். நாற்பது.' அந்தப் பையனைப் பற்றி உங்கள் கோப்பில் இனி இருக்கப்போவது அந்த ஒரு எண்தான். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஆட்டம் தெரிந்தவன் ஒருவனாவது சரியானதைச் சொல்ல வேண்டும் இல்லையா.

எழுபது என்று திருத்திக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். நான் சொன்னபடி அவன் வெறும் ஐம்பதாக இருந்திருந்தால், கடைசிவரை அவனுக்கு வளையத்தைத்தான் வைத்துக் கட்டியிருப்பேன்.