கையில் இருக்கும் பேர்

"...அந்த நடிகர் காசுல நடக்குற ஆஸ்பத்திரிக்கு, அவருக்கு ஆவாத எங்க தலைவர் பேரைக் கையில பச்சை குத்திக்கிட்டு எப்புடிடி போவேன்? பாத்துட்டு, புள்ளைய சேத்துக்க மாட்டேன்னுட்டா?"

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் மனைவியிடம் கேட்டார். அவர் மடியில் மகள் தூங்கினாள். அவளுக்கு நாளைக்குச் சென்னையில் இருதய ஆபரேஷன்.

"அந்த நடிகரு பேனருல சாணி அடிச்சப்ப தெரியலையாக்கும்?"

"அது கல்யாணத்துக்கு முந்திடி."

"இத்தன வருசமா எத்தன புள்ளைங்களுக்குப் பாத்துருக்காரு! அப்பன் யாரு ரசிகன்னு கேட்டுக்கிட்டா பாத்தாரு? டாக்டருங்க புள்ள நெஞ்சத்தான் பாப்பாங்க, உங்க கைய இல்ல. பேசாம வாங்க."

அந்தக் கொளுத்தும் வெயிலில், அவர் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டில் பட்டனைப் போட்டார். பிறகு அது நிற்குமா என்று இழுத்துப் பார்த்தார்.