திருத்திய பட்டியல்

வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்துக்குக் காலைக் காட்சி எத்தனை மணிக்கு என்பதைத் தியேட்டர்காரர்களே தப்பாகச் சொல்வார்கள். ஃபோனில் கேட்டு நம்பக் கூடாது. நேரில் போய்ப் போர்டைப் பார்த்துவிட வேண்டும். பதினோரு வருடமாக நான் அப்படித்தான் செய்துவருகிறேன்.

இன்ஸ்பெக்டர் அவர்களே, மேஜைமேல் இரண்டு ஃபோன்களை வைத்து, இரண்டிலும் என் பட்டியலைக் காட்டி, இதில் எந்தப் பட்டியல் உங்களுடையது என்று கேட்டீர்கள். இரண்டும் என்னுடையதுதான். நான் சொல்லச் சொல்ல எழுதிய உங்கள் ஏட்டையா, ஒரு வரி முடிவதற்குள் நான் மூன்று வரி ஓடிவிடுவதாகச் சலித்துக்கொண்டார். அதனால் தாள் வாங்கி நானே எழுதுகிறேன். மிஷன் பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருக்கிறேன். என் கையெழுத்து உங்களைச் சிரமப்படுத்தாது.

பெயர் மரியராஜ். வீடு பழங்காநத்தம். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'இந்த வாரம் மதுரை' என்று ஒரு பட்டியல் வருமே, அது நான் போடுவது. எந்தத் தியேட்டரில் என்ன படம், எந்தக் கோயில் திருவிழாவில் யார் கச்சேரி, எந்தத் தேவாலயத்தில் பாட்டு மாலை, எல்லாம் முடிந்து வரும்போது எந்தப் பரோட்டாக் கடையில் அடுப்பு அணையாமல் இருக்கும், எல்லாம் அதில் இருக்கும். பல ஆயிரம் பேர் அதைப் பார்த்துத்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். இதற்காக யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். இந்தப் பதினோரு வருடத்தில் நான் ஒரு படத்தின் இரண்டாம் பாதியைப் பார்த்ததில்லை. ஒரு கச்சேரியில் இரண்டு பாட்டுக்கு மேல் இருந்ததில்லை. சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிட்டார்களா என்று பார்ப்பேன், வண்டியை எடுப்பேன், அடுத்த இடத்துக்குப் போவேன். சாயங்காலம் ஆனால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. "ஒரு எடத்துலதான் உக்காருங்களேன், பாக்குற எனக்கே தலை சுத்துது" என்பாள் என் மனைவி ஆனிமேரி. உட்கார்ந்தால் வேறெங்கோ ஒரு கச்சேரி நான் எழுதிய நேரத்துக்கு மாறாகத் தொடங்கிவிட்டது போலவே இருக்கும்.

ஜெய்சனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசித்தவன். பிறகு ஓர் இன்னிசைக் குழுவில் சேர்ந்தான். அங்கே பாட வந்த சத்யப்ரியாவை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். அவள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவள். இருவரும் திருநகரில் ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். முன்பணம் குறைவாகப் பேசி முடித்தேன்.

அவள் பாடாமல் இருக்க மாட்டாள். அதனால் ஊரின் இந்தப் பக்கத்துச் சின்னத் திருவிழாக்களில் மட்டும் பாடினாள். நோட்டீஸில் அவள் பெயர் வராது. அறிவிப்பாளர் 'தங்கச்சி' என்று மட்டும் கூப்பிடுவார். என்னிடமும் கேட்டுக்கொண்டாள். "அண்ணே, எம் பேர மட்டும் போட்டுறாதீங்கண்ணே. அம்புட்டுதான் நான் கேக்குறது." எட்டு மாதம், 'மற்றும் ஒரு பாடகி' என்றே போட்டுவந்தேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடுகிறவருக்குப் பெயர் இருக்க வேண்டும். ஆனாலும் போட்டுவந்தேன்.

அவள் அண்ணன் காசிமாயன் மூன்று மாதம் முன்பு என்னை ஃபோனில் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகப் பேசினார். "அண்ணே, எங்க தங்கச்சி சத்யப்ரியான்னு ஒண்ணு, மதுரையில பாடிக்கிட்டுத் திரியிதுன்னு சொல்றாங்க. எந்தக் கச்சேரின்னு ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. ஆத்தா பாக்கணும்னு அழுகுது, அதாண்ணே." எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தையும் சொன்னேன். சத்யப்ரியா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. "எங்க ஆத்தா செத்து ரெண்டு வருசம் ஆச்சுண்ணே" என்றாள். பிறகு மெதுவாக, "அவன் கண்ணுல பட்டா எங்கள உசுரோட விடமாட்டான்" என்றாள்.

நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் காசிமாயனின் எண்ணையும் என் வாராந்திரப் பட்டியல் பெறுகிறவர்களோடு சேர்த்துக்கொண்டேன். யார் கூப்பிட்டுப் பேசினாலும் எண்ணைச் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். அதில் வேறு ஒன்றும் இல்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

திருநகரில் ஓர் அம்மன் கோயில் பொங்கல் திருவிழா. எட்டாம் நாள் கச்சேரி என்று நோட்டீஸில் இருந்தது, தேதி இல்லை. சனிக்கிழமை காப்புக் கட்டினார்கள். எங்கள் பங்குக் கோயில் திருவிழாவில் கொடி ஏற்றிய நாளே முதல் நாள். அந்தக் கணக்கில் எண்ணி, அடுத்த சனிக்கிழமை என்று போட்டுவிட்டேன். அவர்களுக்குக் காப்புக் கட்டிய மறுநாள்தான் முதல் நாளாம். கச்சேரி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை முந்நூறு பேர் குடும்பம் குட்டியோடு வந்து, பந்தலுக்குள் ஒரு நாய் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பதினோரு வருடத்தில் அது ஒன்றுதான் தவறு. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தவறு என்று நான் சொல்ல வரவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். மேடைக்குப் பக்கத்தில் நின்றேன். சத்யப்ரியா மைக்கைப் பிடித்தவள் பாடத் தொடங்கவில்லை.

"நேத்தே வந்து நாயப் பாத்துட்டுப் போனவுகளுக்கெல்லாம் வணக்கம். மரியராஜ் அண்ணன் மேல கோவிச்சுக்காதீங்க. அவுங்க வேதக்கோயில்ல கொடி ஏத்துன அன்னைக்கே ஒண்ணாம் நாளு. அதான் நம்ம ஆத்தாளையும் ஒரு நாள் முன்னாடியே கூட்டியாந்துட்டாரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கீபோர்டில் ஜெய்சன் ஒரு சின்னச் சத்தம் வேறு வாசித்தான், கோமாளி வரும்போது வாசிப்பது போல. நானும் சிரித்தேன். அவள் இறங்கி வந்ததும், "சும்மா வெளையாட்டுக்குண்ணே. ஒரு நாளாச்சும் முழுக் கச்சேரியும் இருந்து கேளுங்களேன்" என்றாள். பிரியத்தோடுதான் சொன்னாள். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

திங்கட்கிழமை டீக்கடையில் மாஸ்டர் அழகுபாண்டி கிளாஸை நீட்டியபடி, "அண்ணே, இன்னைக்குத் திங்களா, செவ்வாயா? ஒங்க கணக்குல சொல்லுங்க" என்றான். செவ்வாய்க்கிழமை பள்ளியில் ஓர் ஆசிரியை, சம்பளம் ஒரு நாள் முன்னாடியே வந்துவிடுமா என்று கேட்டார். புதன்கிழமை தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன்கூட என்னைப் பார்த்ததும் நாய் மாதிரி குரைத்துக் காட்டினான். யாரும் தப்பாகச் சொல்லவில்லை. மதுரைக்காரர்களுக்குக் கேலி செய்யாமல் சோறு இறங்காது. எனக்குத்தான் அந்த மூன்று நாளும் தூக்கம் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் ரோடு, எல்லீஸ் நகர், திரும்பப் பழங்காநத்தம் என்று காரணமில்லாமல் சுற்றினேன். எந்தப் படத்துக்கும் போகவில்லை.

இதனால்தான் அதைச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது. ஒரு கேலிக்காக யாராவது அப்படிச் செய்வார்களா? நான் யோசித்தது பட்டியலைப் பற்றி மட்டும்தான். ஒரு தவறு நடந்துவிட்டது. இனி ஒரு விவரமும் விடுபடக் கூடாது என்று நினைத்தேன். அப்படிப் பார்த்தால் எட்டு மாதமாக ஒரு விவரத்தை நானே தெரிந்தே விட்டுவைத்திருந்தேன்.

புதன்கிழமை மாலை ஜெய்சனைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை எங்கள் பழங்காநத்தத்தில் ஒரு கோயில் விழாவில் அவர்கள் கச்சேரி. எத்தனை மணிக்கு வருவீர்கள், எந்த வழி என்று கேட்டேன். "ஏழு மணிக்குக் கச்சேரிண்ணே. நாங்க ரெண்டு பேரும் ஆறே முக்காலுக்குப் பின்னாடி சந்து வழியா வந்துருவோம். முன்னாடி கூட்டத்துக்குள்ள இவ வரமாட்டா, ஒங்களுக்குத்தான் தெரியுமே" என்றான். குறித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆறு மணிக்குப் பட்டியல் எப்போதும்போல் எல்லோருக்கும் போயிற்று. அதில் 'மற்றும் ஒரு பாடகி' என்றுதான் இருந்தது. நீங்கள் காட்டிய முதல் ஃபோனில் இருப்பது அதுதான். ஜெய்சன் பார்த்ததும் அதுதான். நன்றி என்று கை கூப்பிய படம் ஒன்றும் அனுப்பியிருந்தான்.

ஆறு பத்துக்குத் திருத்திய பட்டியல் ஒன்று அனுப்பினேன். அதில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. 'பாடகி: சத்யப்ரியா, உசிலம்பட்டி. கலைஞர்கள் ஆறே முக்காலுக்குக் கோயிலின் பின் சந்து வழியாக வருவார்கள். பார்க்க விரும்புவோர் அங்கே நிற்கலாம்.' அது இரண்டாவது ஃபோனில் இருக்கிறது. அந்தப் பட்டியல் வேறு யாரிடமும் இல்லை. நீங்கள் தேட வேண்டாம். காசிமாயன் ஒருவருக்குத்தான் அனுப்பினேன்.

ஏன் ஒருவருக்கு மட்டும் என்பீர்கள். அவர்தான் அந்த விவரத்தைக் கேட்டிருந்தார். கேட்டவருக்குக் கேட்டதைச் சொல்வதுதானே என் வேலை? மற்றவர்களுக்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை.

அனுப்பிய பிறகு ஃபோனைக் கீழே வைக்க முடியவில்லை. இரண்டு டிக் விழுந்தது, நீலம் ஆகவில்லை. சாப்பிடும்போதும் பார்த்தேன். ஆனிமேரி, "யாருகிட்டேருந்து என்ன வரணும், இப்படிப் பறக்குறீங்க?" என்று கேட்டாள். பட்டியலில் ஒரு சந்தேகம் என்றேன். எட்டு இருபதுக்கு நீலமானது. பதில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும், ஏன் சனிக்கிழமை மாலை வரைக்கும், அதை அழித்திருக்கலாம். ஜெய்சனை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். சனிக்கிழமை மதியம் அவனே கூப்பிட்டான். "அண்ணே, இன்னைக்காச்சும் கடைசி வரைக்கும் இருப்பீங்களா? சத்யா கேக்கச் சொன்னா" என்றான். இருக்கிறேன் என்று சொன்னேன்.

சொன்னபடி போனேன். ஆறு மணிக்கே போய் முதல் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்கள் நான்கு பேர் இரண்டு வண்டிகளில் வந்து இறங்கியதைப் பார்த்தேன். ஒருவர் என்னிடமே வந்து, "பின்னாடி சந்து எங்கண்ணே?" என்று கேட்டார். மூன்று மாதம் முன்பு ஃபோனில் கேட்ட குரல், அடையாளம் தெரிந்தது. கை நீட்டிக் காட்டினேன். பிறகு எழுந்திருக்கவில்லை. கால் பரபரக்கவும் இல்லை. இத்தனை வருடத்தில் ஓரிடத்தில் அவ்வளவு அமைதியாக நான் உட்கார்ந்திருந்தது அந்த முக்கால் மணி நேரம்தான்.

ஆறு ஐம்பதுக்குச் சந்திலிருந்து சத்தம் வந்தது. அவள் குரல்தான், மைக் இல்லாமல் அவ்வளவு சத்தமாக நான் கேட்டது அந்த ஒரு தடவை. அண்ணே என்று கூப்பிட்டாள். காசிமாயனைக் கூப்பிட்டாளா, என்னையா என்று எனக்குத் தெரியாது. கூட்டம் பின்பக்கம் ஓடியது. நான் நாற்காலியில் இருந்தேன். கச்சேரி நடக்கவில்லை.

சத்யப்ரியாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாகச் சொன்னார்கள். தடுக்கப் போன ஜெய்சனுக்கு வலது கையில் மூன்று விரல் இல்லை. அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் தோளில் சாய்ந்து அழுதான். "யாருண்ணே சொல்லியிருப்பா? ஒங்களத் தவிர யாருக்கும் தெரியாதேண்ணே" என்று கேட்டான். கேட்டுவிட்டு, அதே தோளில்தான் மறுபடியும் சாய்ந்தான். அவனுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வைத்துவிட்டு வந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டேன். காசிமாயன் தன் தங்கையைக் கொன்றார். எந்த நாள், எந்த நேரம், எந்தச் சந்து என்று அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். அவர் வந்தால் என்ன செய்வார் என்று அவள் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதிக் கொடுத்தேன். இதில் எனக்கு வேறு கருத்து இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் நாள், நேரம், இடம் எதிலும் தவறு இல்லை என்பதை நீங்களும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஆறு மணிக்குள் ஃபோனைக் கொடுத்தால் இந்த வாரத்துப் பட்டியலை அனுப்பிவிடுவேன், ஜனங்கள் காத்திருப்பார்கள். எல்லாம் தயாராக இருக்கிறது. ஜெய்சனின் குழுவுக்கு நாளைக்கு அனுப்பானடியில் ஒரு கச்சேரி. அதில் 'மற்றும் ஒரு பாடகி' என்று இருந்ததையும் எடுத்துவிட்டேன். தன் பெயர் பட்டியலில் வரக் கூடாது என்றுதானே அவள் என்னிடம் கேட்டுக்கொண்டாள்.