இரு தரப்புக்கும் வேண்டிய அப்பாவி

தேத்தண்ணீரில் இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது, நிரோஷினி. குறை நினைக்காதீர்கள். மகள் அனோஜாவுக்கு இப்போது காரமாக இருந்தால்தான் ஏதாவது தொண்டையில் இறங்குகிறது. அப்படியே போட்டுப் பழகிவிட்டேன். அவள் மேலே படுத்திருக்கிறாள். மாத்திரை போட்டால் பின்னேரம் வரை எழும்பமாட்டாள். நாங்கள் ஆறுதலாகக் கதைக்கலாம்.

நீங்கள் டேரியனின் தாய்க்காக வழக்காடுகிறீர்கள். போன ஒக்டோபரில் இந்தக் குசினிப் பின்கதவுக்கு வெளியே பொலிஸ் சுட்டு இறந்துபோன டேரியன்; என் மகளைக் கட்ட இருந்தவன். அன்று காலை தாயிடம், அன்ரி கூப்பிட்டிருக்கிறா, கதவைத் திருத்திக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டானாம். கூப்பிட்ட நானே ஏன் பொலிசுக்குப் போன் அடித்தேன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்கவில்லை.

என்னை இனவாதி என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது வேறு நாட்டில் இருக்கிற என் மகன் அபிஷனைப் பதினேழு வயதில், பஸ் தரிப்பில் நின்றவனை, வேறு யாரோ என்று நினைத்துப் பொலிஸ்காரர் பனியில் முழங்காலில் இருத்தினார்கள். அவனும் என்னைப் போல நல்ல கறுப்பு. அவர்கள் மன்னிப்புக் கேட்கும் வரை நான் விடவில்லை. பிறகு பொலிசுக்கும் சனத்துக்கும் நடுவிலிருந்த ஆலோசனைக் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். எத்தனையோ கண்டன ஊர்வலங்களில் முன்வரிசையில் நடந்திருக்கிறேன். அனோஜா சின்னப் பிள்ளையாக என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

அஜின்கோர்ட்டில் எங்கள் வயதானவர்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்தேன். அவசர நம்பர் நைன் வன் வன்னுக்கு எப்படி அடிப்பது, எடுப்பவர் என்ன கேட்பார், என்ன சொல்ல வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். இங்கிலீஷ் வராத ஒருவருக்கு நெஞ்சு வலிக்கும்போது அதுதான் பெரிய விஷயம். இராஜரட்ணம் அண்ணை என்று ஒருவர் வருவார். நான் மறுமுனையில் இருப்பவளாக நடித்து, "வட் இஸ் யுவர் எமர்ஜென்சி?" என்றால், "ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?" என்பார்.

"அண்ணை, உங்களுக்கு இப்ப நெஞ்சு வலி."

"அது கிடக்கட்டும் பிள்ளை. மரியாதையா ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டுச் சாவம்."

வகுப்பே சிரிக்கும்.

ஒரு நாள் எங்கள் குழுவிலிருந்த பட்ரீசியா வந்து பேசினாள். அவளுடைய தம்பியைப் பொலிஸ் சுட்டது. அவன் கையில் இருந்தது கைத்தொலைபேசி. அவள் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். நிறத்தை முதலில் சொல்லாதீர்கள். கையில் ஏதோ இருக்கிறது என்று சொல்லாதீர்கள். என்னவென்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள். கறுப்பு ஆள், கையில் ஏதோ. இந்த இரண்டும் ஒன்றாகப் போனால், வருகிறவர்கள் விசாரிக்க வரமாட்டார்கள்.

"அப்ப, காப்பிலி எண்டு சொன்னால் கெதியா வருவாங்கள் எண்டுறாவோ?" என்றார் இராஜரட்ணம் அண்ணை.

"கறுப்பு ஆக்களை அப்பிடிச் சொல்லக்கூடாது அண்ணை," என்றேன். அவர் கேட்டதைப் பட்ரீசியாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

ஓகஸ்டில் அனோஜா டேரியனைக் கூட்டிவந்தாள். உயர்பள்ளியில் மரவேலை படிப்பிக்கிறவன். தாய் தகப்பன் ஜமெய்க்கா. அவன் பிறந்து வளர்ந்தது இங்கே ஸ்காபரோவில். "அன்ரி, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்கப் பழகியிருந்தான். நான் பதில் சொன்னால் விளங்காமல் சிரிப்பான். நல்ல பிள்ளை. இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அவனில் ஒரு குறை இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

மார்க்கம் நகரில் இருக்கும் என் மச்சாள் போனிலேயே கத்தினாள். "உனக்கென்ன விசரே? எந்த முகத்தோட எங்கட சனத்துக்குக் கலியாணக் கார்ட் குடுக்கப் போறாய்?"

அவளால் அப்படிக் கத்த முடிந்தது. அவள் எந்தக் குழுவிலும் இருந்ததில்லை. தன் மகளோடு இப்படிச் சண்டை பிடித்து, ஒரு வருடம் கதைக்காமல் இருந்து, பேரப்பிள்ளை பிறந்ததும் காப்போடு போய் நிற்கிற ஆள் அவள். எனக்கு அந்த வழி இருக்கவில்லை. நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அனோஜாவுக்கு நான் அம்மாவாக மட்டுமல்ல, மனுசியாகவே இல்லாமல் போயிருப்பேன். அவள் திரும்பி வந்திருக்கவே மாட்டாள். அதனால் சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். மோதிரம் மாற்றியபோது அழுதேன். எல்லோரும் சந்தோஷக் கண்ணீர் என்றார்கள். கலியாண ஹோலில் வரிசை வரிசையாக இருக்கிற எங்கள் சனம் மணவறையைப் பார்த்துவிட்டு மெல்ல என் பக்கம் திரும்புவதுதான் எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது. மனிதனாக அவனில் எனக்கு ஒன்றும் இல்லை. மருமகனாகத்தான் முடியவில்லை. இரண்டும் வேறுவேறு என்று உங்களுக்கும் தெரியும், நிரோஷினி. நீங்களும் எங்களைப் போன்ற வீட்டில்தானே வளர்ந்தீர்கள்.

பின்கதவுப் பூட்டு உண்மையாகவே பழுதுதான். அனோஜா வேலைக்குப் போன ஒரு மத்தியானம் அவனைக் கூப்பிட்டேன். பக்கக் கேற்றைத் திறந்துகொண்டு வந்தான். சாப்பிட்டாச்சோ என்று கேட்டான். "ஓம், நீர் வேலையைப் பாரும்," என்று சொல்லிக் கண்ணாடிக் கதவை உள்ளே இருந்து சாத்தினேன். அவன் கறுப்பு ஜக்கெட்டின் ஹூட்டைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, ட்ரில்லை எடுத்துக் குனிந்தான்.

நான் முன்னறைக்குப் போய் நைன் வன் வன்னுக்கு அடித்தேன். என் இங்கிலீஷ் உங்களுடையதைவிட மோசமில்லை. ஆனால் அன்று என் மாணவர்களின் இங்கிலீஷில் கதைத்தேன். கறுப்பு ஆள். உயரம். பின்கதவுப் பூட்டைக் கழற்றுகிறார். கையில் ஏதோ இருக்கிறது. நான் வீட்டில் தனிய. இதில் எது பொய், சொல்லுங்கள். தெரிந்த ஆளா என்று மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள். கெதியாக வாருங்கள், ப்ளீஸ் என்றேன். அதுவும் பொய்யில்லை. கெதியாக வரவேண்டும் என்றுதான் இருந்தது.

பிறகு விசாரிக்க வந்தவர்கள், உங்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லையா அம்மா என்று கேட்டார்கள். நான் அழுதேன். அழுகையை அவர்கள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பொலிஸ் சங்கத்துக்கு நான் உண்மையாகவே பயந்துபோன பெண்ணாக இருக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால்தான் அவர்களுடைய ஆள் ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஓடிவந்தவர். டேரியனுக்காக ஊர்வலம் போனவர்களுக்கும் நான் பயந்துபோன, இங்கிலீஷ் தெரியாத அகதிப் பெண்ணாக இருக்க வேண்டியிருந்தது. அப்படியென்றால்தான் முழுப் பழியும் சுட்டவரில் விழும். இரண்டு தரப்பும் எல்லாவற்றிலும் தங்களுக்குள் அடிபட்டார்கள். என் விஷயத்தில் மட்டும் ஒரே கருத்து. அனோஜாவுக்கும் அதுதான். அந்தக் கறுப்பு ஜக்கெட்டை வாங்கிக் கொடுத்தது தான்தான், அதனால்தான் அம்மாவுக்கு ஆளைத் தெரியாமல் போனது என்று சொல்லிச் சொல்லி அழுகிறாள். தலையைத் தடவிவிடுகிறேன். இல்லை என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் போனை நிறுத்திவைத்திருக்கத் தேவையில்லை. வேண்டுமானால் பதிவு செய்யுங்கள். நான் சொன்னது வெளியே போனால் என்ன நடக்கும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். எங்களை ஒரு கிழவி ஏமாற்றிவிட்டாள் என்பார்கள். சுட்டவருக்குப் பாதி விடுதலை. உங்கள் வழக்கு தள்ளாடும். அந்தத் தாய்க்குக் கிடைக்கவிருக்கிற ஒரே நீதி, நான் அப்பாவி என்பதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை நான் திட்டமிடவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

அது மட்டுமில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொலிஸ் எல்லோரையும் ஒரே மாதிரிப் பார்ப்பதாக இருந்தால், நான் செய்தது என்ன? ஒரு வீண் அழைப்பு. வந்திருப்பார்கள், பெயரைக் கேட்டிருப்பார்கள், அவன் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பான், எல்லோரும் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். என்னைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமென்றால், கறுப்பு ஆள் என்ற சொல்லே இந்த நகரத்தில் ஒரு ஆயுதம் என்று அவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளட்டும். அடுத்த நாளே நானும் வந்து ஒப்புக்கொள்கிறேன். இருபது வருடமாக நான் கேட்டதும் அதைத்தானே.

ஓம், அந்தக் கடைசிக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கதவுக்கு நேரே நின்றதாகவும், பயத்தில் பின்வாங்கியதாகவும் அறிக்கையில் இருக்கிறது. ஒரு குண்டு கண்ணாடியைத் துளைத்து நேரே எதிர்ச் சுவரில் ஏறியிருக்கிறது. நேரே பின்வாங்கியவள் எப்படி உயிரோடு இருக்கிறாள் என்று கேட்கிறீர்கள். கெட்டிக்காரி நீங்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே குசினிக்குத் திரும்பி வந்தேன். பொலிஸ்காரர் பக்கக் கேற்றால் வந்து சத்தம் போட்டபோது, அவன் அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். அன்ரி எதையோ கண்டு பயந்துவிட்டா என்று நினைத்திருக்க வேண்டும். ஹூட்டைப் பின்னால் தள்ளி, எனக்கு முகத்தைக் காட்டினான். "அன்ரி, நான்தான், பயப்பிடாதேங்கோ," என்றான். அவ்வளவு தமிழ் அவனுக்கு வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ட்ரில் இருந்த கையைத் தூக்கி, ஒன்றுமில்லை என்பதைப் போல அசைத்தான். கீழே போடு என்று பின்னால் கத்தினார்கள்.

நான் பின்வாங்கவில்லை, நிரோஷினி. பக்கவாட்டில் நகர்ந்து பிரிட்ஜுக்கு அருகே போய் நின்றுகொண்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நேரே நின்றிருந்தால் எனக்கும் பட்டிருக்கும். எனக்கும் ஏதாவது ஆகியிருந்தால், பாவம், அனோஜாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?