வீமனை வலப்பக்கம் திருப்பிய வேதவல்லி அக்காவுக்கு

வண்ணம் உதிர்ந்த ஓவியங்களுக்கு வாழ்வளித்த வித்தகியே! கும்பகோணத்தில் பிறந்து, வுப்பர்டாலில் வேர்விட்டு, ஹோல்ட்ஸ்மன் காட்சியகத்தின் செப்பனிடு கூடத்தில் தூரிகையும் பஞ்சும் பூதக்கண்ணாடியுமாய் முப்பது ஆண்டுகள் தவமிருந்த தகைமையே! பொறுமையின் புகலிடமே! பொடிமட்டையைக் கோட்டுப்பையில் ஒளித்து வைத்து, அது எவருக்கும் தெரியாதென்று இன்றுவரை நம்பியிருக்கும் வெள்ளை உள்ளமே! வேதவல்லி அம்மையே! எங்கள் அக்காவே!

தங்கள் ஓய்வுநாளாகிய இன்று, 1988 செப்டெம்பர் முப்பதில், இக்காட்சியகத்தின் வாசலைக் காப்பவரும் தரையைத் துடைப்பவரும் விளக்கை மாட்டுபவரும் பெட்டியைச் சுமப்பவரும் விருந்தினர் மேலுடையை வாங்கி வைப்பவருமாகிய தமிழ்த்தோழர் ஐவர் இம்மடலை ஏந்தி நிற்கிறோம். எண்ணிக்கையில் மட்டுமே நாங்கள் பாண்டவர்.

மடல் என்றால் குணங்களை அடுக்க வேண்டும். அடுக்குவதற்குக் குறைவில்லை. காலை ஏழரைக்கு வரும் தொங்கு ரயிலைத் தாங்கள் தவறவிட்டு எவரும் கண்டதில்லை. நானூறு ஆண்டுப் பழைய ஓவியத்தின் மேல் தும்மலை அடக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டிடத்தில் தாங்கள் ஒருவரே. ஆனால் சற்றுமுன் இயக்குநர் வாசித்த சான்றிதழில் ஒரு சொல் இல்லை. நெடுநாள் உழைத்து ஓய்வு பெறும் எவருக்கும் இங்கே ‘பிழையற்ற பணி’ என்று எழுதிக் கொடுப்பது வழக்கம். தங்களுக்கு வெறும் ‘பணி’ என்றே எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொல் எப்படிக் காணாமற்போனது என்பது இச்சபையில் பலருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், எங்களில் டொறத்திக்கு நன்றாகவே தெரியும். ஆகையால் அவள் கதையாகவே அதைச் சொல்கிறோம்.

மன்னாரிலிருந்து 1984இல் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவள் டொறத்தி. அகதி மனு நிராகரிக்கப்பட்டு, வழக்கு நீதிமன்றத்தில் கிடக்க, இரண்டு வருடம் கைகட்டிக் காத்திருந்து, இங்கே துப்புரவு வேலை பெற்றாள். அவளுடைய வேலை அனுமதிப் பத்திரத்தில் இந்தக் காட்சியகத்தின் பெயர் மட்டுமே இருந்தது. இந்த வேலை போனால் அந்தப் பத்திரமும் போய்விடும். வெறுங்கையோடு நீதிமன்றம் போகிறவளைப் பார்த்து, இங்கே உனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், சொல்ல அவளிடம் வேறொன்றும் இல்லை.

போன ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தக் கூரை வந்தது! பாலித்தீவில் குளுங்குங் அரண்மனையின் பழைய நீதிமண்டபம்; அதன் கூரை ஓவியங்களைப் பார்த்துத் தீட்டிய அறுபத்து நான்கு பலகைகள், வைக்கோல் பொதிந்த பெட்டிகளில் வந்து இறங்கின. முதற் பெட்டியைத் திறந்தபோது தாங்கள் கைதட்டிய சத்தம் மாடிவரை கேட்டது. அறுபதை எட்டிய அம்மையார் கைதட்டிக் குதித்ததை இந்தக் காட்சியகம் அதற்குமுன் கண்டதில்லை.

அன்று முதல் எங்கள் மதியச் சோற்றுக்குத் தாங்கள் அந்த மண்டபத்தையே கறியாக்கினீர்கள். அரசனுக்குச் சிங்கம் செதுக்கிய இருக்கை, குருக்களுக்குக் காளை செதுக்கியது, எழுதுபவருக்கு நாகம். குற்றம் சுமத்தப்பட்டவன் அண்ணாந்தால் தலைக்குமேல் நரகம்: கொப்பரையில் கொதிப்பவன், வாளால் அறுபடுபவன். அதற்கும் மேலே சொர்க்கம், உச்சியில் தாமரை. 1908இல் டச்சுப் படை வந்து அரண்மனையை அழித்தும் இந்த மண்டபம் தப்பியது. அந்தத் தீவின் ஈரத்தில் ஓவியம் தீட்டிய துணி இற்றுப்போகப் போக, கமசான் ஊர் ஓவியர்கள் தலைமுறைக்குத் தலைமுறை புதிதாகத் தீட்டிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் இங்கே பழைய நிறத்தைத் தொடவே நடுங்குகிறோம், அவர்களோ முழுவதையும் மறுபடி வரைந்து அதுவே பழையது என்கிறார்கள், எவ்வளவு பெரிய தைரியம் என்று வியந்து வியந்து, தங்கள் தயிர்ச்சோற்றைப் புளிக்க வைத்தீர்கள்.

கதையோ அதைவிடப் புதுமை. பாண்டுவும் மாத்ரியும் நரகத்தில் கிடக்கிறார்கள். போய் மீட்டு வா என்று குந்தி தன் மகன் வீமனை அனுப்புகிறாள். புருஷனோடு சக்களத்தியையும் சேர்த்து மீட்கச் சொல்கிறாளே, இது நம்ம பாரதத்துலயே இல்லையே என்று தாங்கள் பூரித்தபோது, டொறத்திதான் குறுக்கே விழுந்தாள்.

“நரகத்துக்குப் போனவை வெளியிலை வர ஏலாது, அக்கா. வரலாம் எண்டால் அது உத்தரிக்கிற ஸ்தலம்.”

பாவம் கழிந்தவர் வெளியேறும் இடம் வேறு, நரகம் வேறு என்று கோயில் ஞானோபதேசத்தில் படித்ததை அவள் விட்டுக்கொடுக்கவில்லை, தாங்களும் விடவில்லை. ஒருவாரம் சோறும் சண்டையும். அவர்கள் வெளியே வருகிறார்களா இல்லையா என்று கூரை ஏறிய பிறகு கண்ணால் பார்த்துக்கொள் என்று தாங்கள் சவால் விட்டீர்கள். அந்தச் சவால்தான் பிறகு தங்கள் தலையிலேயே வந்து விழுந்தது.

மரச்சட்டத்தால் கூரை எழும்பியது. பாலியில் அந்த நீதிமண்டபத்துக்குள் யாரோ மல்லாந்து படுத்து எடுத்த புகைப்படத்தைப் பார்த்துத் தாங்கள் வரைபடம் போட்டீர்கள். அதன்படியே பலகைகளை முகம் மேலே பார்க்கத் தரையில் பரப்பி, ஒவ்வொன்றின் இடத்திலும் சோக்கால் எண் எழுதினீர்கள். புகைப்படமும் தரையும் அச்சு அசல் ஒன்று போலவே இருந்தன. பின்பு பலகைகளை அடுக்கிவைத்து, அந்தந்த எண்ணுக்கு நேர் மேலே, முகம் கீழே பார்க்க, ஒவ்வொன்றாக ஏற்றினோம். நடுவில் டொறத்தி தரையைத் துடைத்ததில் ஏழு எண்கள் மங்கின. வரைபடத்தைக் கொடுத்து அவளையே திரும்ப எழுதச் சொன்னவரும் தாங்களே.

திறப்பு விழா சனிக்கிழமை பதினொரு மணிக்கு. வெள்ளிக்கிழமை காலை, கடைசிப் பலகையும் ஏறிய கூரைக்குக் கீழே டொறத்தி துடைப்பத்தோடு தனியாக நின்றாள். சவால் நினைவுக்கு வந்தது. வீமனைத் தேடிக் கண்டுபிடித்து, தாங்கள் சொல்லிக்கொடுத்தபடி மண்டபத்தை வலமாக நடந்து பார்த்தாள். மறுபடி நடந்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுத் தங்கள் கூடத்துக்கு வந்தாள்.

“குறை நினையாதேங்கோ, அக்கா. வீமன் அவையளை மீட்கேல்லை. மேலை நிண்டவையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொப்பரைக்குள்ளை விட்டிட்டு வாறான்.”

தாங்கள் சிரித்தீர்கள். முப்பது ஆண்டில் ஒரு படத்தைக் கூடக் கோணலாக மாட்டாத கை என்று சொல்லிக்கொண்டே வந்து, கூரைக்குக் கீழே மல்லாந்து படுத்தீர்கள். சிரிப்பு நின்றது. படுத்து எடுத்த படத்தில் இடப்புறமாகத் தெரிவதைத் தரையில் அப்படியே பரப்பி நேரே மேலே தூக்கினால், கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அது வலப்புறமாகிவிடும். சட்டியின் மூடியைத் திருப்பிப் போடுகிற எவளுக்கும் தெரிகிற சங்கதி, வித்தகிக்குத் தப்பிவிட்டது. அறுபத்து நான்கு பலகைகளின் வரிசையும் இடவலம் மாறி, வீமன் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தான்.

அந்நேரம் பார்த்துக் காட்சியக நிர்வாகி வந்தார். கூரை இடவலம் மாறிப்போன செய்தி அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. தரையைத் துடைத்தது யார், எண்களைத் திரும்ப எழுதியது யார் என்று கேட்டார். டொறத்தி கை உயர்த்தினாள். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றார். டொறத்தி தனக்குத் தெரிந்த இரண்டு சொல் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டாள். செய்யாத பிழைக்கு ஏன் கேட்டாள் என்றால், அலுவலகங்களில் கேட்டுக் கேட்டு அவள் வாய் பழகிவிட்டது.

அக்கா, அந்த நொடியில் தாங்கள் பேசவில்லை. மறைப்பானேன்! பாராட்டு மடலில் இதை எழுதலாமா என்று நாங்கள் தயங்கினோம். எழுதத்தான் வேண்டும் என்று சொன்னவள் டொறத்தி. மூன்று மூச்சு நேரம் தாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவளுக்குத் தங்கள் மேல் கடுங்கோபம் வந்தது. தன் அகதி விசாரணை நடந்த அறையில் அண்ணாந்தால் ஒரு ரியூப் லைற் மட்டுமே இருந்தது என்று அவள் தங்களிடம் முன்பு சொல்லியிருந்தாள். இங்கே அண்ணாந்தாள், நேர் மேலே கொப்பரை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தாங்களும் அண்ணாந்தீர்கள்.

பிறகு நிர்வாகியைப் பார்த்து, முதலில் தரையில் படுங்கள் என்றீர்கள்! அவர் திகைத்தார். முப்பது ஆண்டுக் குரல் அல்லவா, சாம்பல்நிறக் கோட்டோடு படுத்துவிட்டார். அவர் பக்கத்தில் தாங்களும் படுத்து, வரைபடத்தை முகத்துக்கு மேலே பிடித்து, அறுபத்து நான்கையும் விரல்வைத்துக் காட்டினீர்கள். இவள் எழுதிய ஏழு எண்களும் சரியானவை. பிழை இந்தக் காகிதத்தில் இருக்கிறது. காகிதத்தின் அடியில் இருப்பது என் கையெழுத்து. நீக்குவதானால் என்னை நீக்குங்கள் என்று, நாங்கள் அனைவரும் கேட்க, தெளிவான ஜெர்மனில் சொன்னீர்கள். சொன்னது போதாதென்று எழுந்துபோய் அறிக்கையாகவும் எழுதிக் கொடுத்தீர்கள். அந்த அறிக்கை கோப்பில் இருப்பதால்தான் இன்று அந்த ஒரு சொல் இல்லை.

திரும்பி வந்து டொறத்தியிடம் தாங்கள் சொன்னது இவ்வளவுதான்.

“பயந்துட்டேன், டொறத்தி. முப்பது வருஷத்து பேர் போயிடுமேன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். இனிமே நீ செய்யாததுக்கெல்லாம் சாரி சொல்லாதே.”

அதன்பின் நடந்ததை நினைத்தால் இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது! விழாவைத் தள்ளிப்போட வழியில்லை. பாதிக் கூரை திரும்பியிருந்தபோது விருந்தினர் வந்துவிட்டார்கள். மூடி மறைக்கலாம் என்றார் நிர்வாகி. பாய் விரிப்போம் என்றீர்கள் தாங்கள். பட்டுக் கழுத்துப்பட்டிகளும் முத்துமாலைகளும் வரிசையாக மல்லாந்தன! சாரத்தின் மேலே தாங்கள் பலகைகளை மாற்ற மாற்ற, கீழே படுத்திருந்த நகரத்தார், வீமன் ஒவ்வொரு அடியாகச் சரியான பக்கம் நடப்பதைப் பார்த்தார்கள். பாதி வழியில் குழந்தைகள் அடுத்த பலகை, அடுத்த பலகை என்று கத்தத் தொடங்கின. பாண்டுவும் மாத்ரியும் கொப்பரையிலிருந்து ஏறும் பலகையைக் கையில் எடுத்துத் தாங்கள் டொறத்தியை மேலே அழைத்தீர்கள். துப்புரவு மேலங்கியோடு அவள் சாரம் ஏறி, அதைப் பிடித்து, உயர்த்தி, பொருத்தினாள். மண்டபமே படுத்தபடி கைதட்டியது! இறங்கி வந்தவள், வெளியே வருகிறார்கள்தான், ஆனாலும் அது உத்தரிக்கிற ஸ்தலந்தான் என்று தங்கள் காதில் சொன்னாளாம்.

ஆகவே, அம்மையே! பிழையற்ற முப்பது ஆண்டுகள் என்று எழுத எங்களுக்கும் ஏலாது. ஒரு பிழையோடு கூடிய முப்பது ஆண்டுகள் என்றே எழுதுகிறோம். அந்தப் பிழையைத் தாங்கள் இன்னொருத்தியின் தலையில் இறக்கிவைக்காததால்தான் அவள் இன்றும் எங்களோடு நிற்கிறாள். இந்த மடலை வாசிப்பவளும் அவளே.

ஒக்டோபர் பதின்மூன்று வியாழக்கிழமை அவளுக்கு நீதிமன்ற டெர்மின், அகதி வழக்கின் விசாரணை நாள். தனியே போகப் பயமாக இருக்கிறது என்று போன கிழமை சொன்னபோது, எனக்குத்தான் இனிமேல் எல்லா வியாழனும் லீவாச்சே, காலை வண்டியில் நானும் வருகிறேன் என்றீர்களாம். அந்த அறையின் கூரையில் சிங்கமும் இராது, தாமரையும் இராது. பக்கத்து இருக்கையில் தாங்கள் இருப்பீர்கள்.

தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! கைந்நடுக்கம் அண்டாதிருக்க! பொடிமட்டை வற்றாதிருக்க! நூறாண்டு நோயின்றி வாழ்க! தாங்கள் கைதூக்கி மேலேற்றியவளை எவரும் திருப்பி இறக்காதிருக்க!

வுப்பர்டால், 30.09.1988

தங்கள் அன்பு மறவாத,
யாகோப்பு, வாசல் காவல்
செல்வரட்ணம், மின்பணி
உமாபதி, பெட்டிக்கூடம்
கமலநாயகி, உடுப்பறை
டொறத்தி, துப்புரவு