டொல்பின் பழக்கப் போகிறவன்

வெள்ளவத்தை செக்பொயின்ற்றில் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டையோடு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவளுடைய தம்பியும்.

“டொல்பின் பழக்கிற வேலைக்கு வெளிநாடு போறனெண்டு ஆமிக்காரனிட்டைச் சொல்லிப்போடாதை.”

“ஏன் அக்கா? நேற்று ஏஜென்சியில, சுழியோடுவியோ எண்டு கேட்டவை. மூச்சடக்கிக் கனநேரம் கிடப்பன் எண்டனான். சந்தோசப்பட்டவை.”

“அவை சந்தோசப்படுவினம். இஞ்சை ஒரு தமிழ்ப் பெடியன் சுழியோடுவன் எண்டால், எந்தக் கப்பலுக்குக் குண்டு கட்டினனி எண்டுதான் கேப்பாங்கள். உனக்கு நீந்தவே தெரியாது. விளங்குதோ?”

“ஓம்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணையைப் பிடிச்ச அண்டைக்கு, நீந்தத் தெரியுமோ எண்டு கேட்டவங்களாமே. அவர் என்ன சொன்னவர்?”

“உண்மையைச் சொன்னவன்.”