நானே கூப்பிட்டாலும் கேட்காதீர்கள்

"ஹலோ... ஹலோ, கண்ட்ரோல் ரூமா? அண்ணே, ஆபீஸ்லேருந்து பேசறேன்... ஆமா, நான்தான், பூட்டக்காதான்... சிரிக்காதீங்கண்ணே. அஞ்சாம் நம்பர் கலக்குற தொட்டியை ஓட விட்டுட்டீங்களா?... இன்னும் இல்லையா? அப்பாடா... இல்ல, இல்ல, அப்படியே இருக்கட்டும். தொடாதீங்க."

அவளுக்கு உட்காரத் தோன்றவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினாள். எந்தத் தொட்டியில் என்ன வேலை என்று காட்டும் தினசரி ஷீட் முதல் கம்பெனியின் பொது ஆவணங்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. கண்டவரும் கைவைக்காமல் ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் பூட்டி வைப்பதால் தொழிற்சாலைக்காரர்கள் வைத்த பெயர் பூட்டக்கா. அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. தொழிற்சாலை ஊருக்கு வெளியே, ஆபீஸ் ஊருக்கு நடுவே. ஓடிப்போய்த் தடுக்கிற தூரமில்லை.

"ஷீட்ல 'வேலை முடிந்தது'ன்னு இருக்கா?... தெரியும்ணே, நானும் அதைத்தான் பார்த்துட்டு நிக்கிறேன். அது தப்பு. வேலை முடியல, உள்ள ஆள் இருக்கு... வேற யாரு, எங்க வீட்டுக்காரர்தான். கலக்குற தகட்டை மாத்த இறங்கினவர். வெளிய வந்ததும் முதல் வேலையா எனக்குப் போன் போடுவார், ஒரு நாளும் தவறினதில்ல. இன்னைக்கு இன்னும் வரல... ஆமா, ஆமா, தொட்டிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது, அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன்... வெளிய காவலுக்கு நின்னவர் எங்க?... லோடு ஏத்தவா? நடுவுல அவரை யாரு அனுப்பினது?... ஓ. உற்பத்தி சாரா. இப்போ உங்க பக்கத்துலதான் நிக்கறாரா?"

உற்பத்தி அதிகாரி காலையில் இங்கேதான் இருந்தார். லாரி வந்து நிற்கிறது, சரக்கு இன்னும் தொட்டிக்கே போகவில்லை என்று எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் அவளுடைய நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்தார். ஒரு மெயில் பார்க்க வேண்டியிருந்தது என்று சொல்லிவிட்டுத் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம்போல அன்றைய ஷீட்டை, மறுபடி படித்துப் பார்க்காமலேயே, பூட்டினாள். பூட்டினால் சாயங்காலம் வரை அவளாலேயே திறக்க முடியாது. திறக்கக்கூடியவர் மேனேஜர் ஒருவர்தான், அவருடைய போன் அணைந்து கிடக்கிறது. ஊரார் ஆவணத்தையெல்லாம் பூட்டியவள் தன் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"ஆமாண்ணே, மாத்தினது யாருன்னு பார்த்தா என் பேர்தான் காட்டும். ஆனா நான் மாத்தல... எப்படி நம்புறதுன்னா என்ன சொல்றது? என் குரல் உங்களுக்குத் தெரியாதா?... என்ன? சர்க்குலரா?... ஆமா, நான் எழுதினதுதான்... 'ஷீட்டில் உள்ளதே முடிவு'... ஆமா... 'போனில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்'... ஆமா... 'நானே கூப்பிட்டாலும் கேட்காதீர்கள்.' ஆமாண்ணே. அதுவும் நான் எழுதினதுதான்."

எழுதியபோது அதில் நியாயம் இருந்தது. யாரோ ஒருவன் அதிகாரி குரலில் போன் செய்து அட்டவணையை மாற்றிவிட, ஒரு தொட்டிச் சரக்கு முழுக்கப் பாழானது. அதற்கு முன்பெல்லாம் தொட்டிக்குள் இறங்குகிறவன் தன் சொந்தப் பூட்டை சுவிட்சில் மாட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்குவான். அவன் வெளியே வந்து திறக்காமல் எந்திரம் அசையாது. அந்தப் பூட்டுகளை எடுத்துவிடச் சொன்னவளும் இவள்தான். கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு, சுவிட்சில் ஒரு கணக்கு என்று இரண்டு எதற்கு என்று கூட்டத்தில் எழுந்து பேசிக் கைதட்டல் வாங்கினாள். அன்றைக்கு வீட்டில் அவள் புருஷன் மட்டும், சாவி என் பையில் கிடந்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கும் என்று இழுத்தான். உங்களுக்கு வயசாகிவிட்டது என்று அவள் கேலி செய்தாள்.

"அண்ணே, இங்க பாருங்க. சர்க்குலர் தப்பு. எழுதின நானே சொல்றேன், தப்பு. மீறினதுக்கு உங்க வேலை போச்சுன்னா பழி என்னோடது, எழுதிக் கையெழுத்துப் போட்டே தர்றேன்... ஆமா... ஆமா, உங்களுக்கும் குடும்பம் இருக்கு, இல்லேங்கல. எனக்கும் இருக்கறது அவர் ஒருத்தர்தான்ணே... தொடமாட்டீங்களா? நிஜமாவா?... உங்களுக்குக் கோடிப் புண்ணியம்ணே. நீங்க நல்லா இருப்பீங்க."

அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உற்பத்தி சார்கிட்ட போனைக் குடுங்க, நானே கேட்டுக்கறேன்... அங்க இல்லையா? உங்க பக்கத்துலதானே நிக்கறார்னு... எப்போ கீழ போனார்?... நாம பேசிட்டு இருக்கறப்பவா? எதுக்கு?... நீங்க லேட் பண்றீங்கன்னு சொல்லிட்டா?"

அவள் மறுபடி எழுந்துவிட்டாள். தொட்டியின் பக்கத்திலேயே இன்னொரு சுவிட்ச் உண்டு. அதற்கும் ஒரு காலத்தில் பூட்டு மாட்டினார்கள்.

"ஓடுங்கண்ணே. பேசாதீங்க, ஓடுங்க. போனை அப்படியே வெச்சுட்டு ஓடுங்க."

மறுமுனையில் ரிசீவர் மேசையில் விழுந்தது. செருப்புச் சத்தம், கதவு அடித்துக்கொள்ளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஏதாவது ஒரு தெய்வத்தின் பெயரைச் சொல்லலாம் என்றால் வாயில் எதுவும் வரவில்லை. பக்கத்து மேசைக்காரி என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள்.

"அண்ணே? பார்த்தீங்களா?... யாரு?... சார், நீங்களா? கீழ போனீங்கன்னு சொன்னாரே, அதுக்குள்ள மேல வந்துட்டீங்களா?... அவர் எங்க சார், கண்ட்ரோல் ரூம் அண்ணன்?... தொட்டிகிட்டயா? அங்க என்ன பண்றார்?..."

மறுமுனையில் அவர் மிக நிதானமாகப் பேசினார். அந்த நிதானம்தான் அவளைப் பயமுறுத்தியது.

"ஆமா சார், ஷீட்ல என் பேர்தான் இருக்கு... ஆமா, பூட்டினதும் நான்தான்... சார், அதை எதுக்கு இப்போ திருப்பித் திருப்பிக் கேட்கறீங்க? பின்னால போலீஸ் கேட்டா நான் என்ன சொல்லணும்னு நீங்க ஏன் சொல்லித் தர்றீங்க?... சார். தொட்டியை ஓட விட்டுட்டீங்களா? எங்க வீட்டுக்காரர் வெளிய வந்துட்டாரா? அதை மட்டும் சொல்லுங்க. சார்..."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.